முட்டை ஓடும் சித்திரை வெயிலும்
நாமக்கல் பக்கம் சித்திரை வெயில் ஏறினால் பண்ணைக்காரருக்கு ஒரு கவலை. முட்டை ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடும். வெயிலில் கோழி தீவனம் குறைவாகத் தின்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரசியமானது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். ஓட்டுக்கான கால்சியம் கார்பனேட் உருவாக அந்த வாயுவும் வேண்டுமே! ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டவே போகிறது, பெரும்பாலும் இரவில். சாயங்காலத் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்ப்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் முறையாகப் படிக்க 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிக்கென்றே தனிப் பட்டம் வேண்டுமா? ஓசூர் மத்திகிரியில் நான்காண்டு பி.டெக். கோழியினத் தொழில்நுட்பம் உண்டு. காட்டுப் பறவைகளை ஆராய விரும்புவோருக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம். கால்நடைப் படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியல் படித்திருக்க வேண்டும்.