கண்ணுள் வினைஞர் ஊர்

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோரை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் கூறுகின்றார். கூல வாணிகரும், கொல்லரும், தச்சரும், பொற்கொல்லரும் வாழும் அப்பகுதியிலேயே ஓவியரும் வாழ்ந்தனர் என்பது அவர் கூற்றால் விளங்குகின்றது. அவ்வோவியருக்கு அவர் வழங்கும் பெயர் ‘கண்ணுள் வினைஞர்’ என்பது. மதுரைக்காஞ்சியிலும் இப்பெயர் வருகின்றது. காண்போர் கண்ணினுள்ளே தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்பது இதற்குச் சான்றோர் கண்ட பொருள். மாணவர்களே! ஓவியர் அரண்மனையில் மட்டும் வாழ்ந்தாரல்லர். விலை கூறி விற்போரும் கொள்வோரும் நெருங்கிய நகரத்தின் நடுவிலும் வாழ்ந்தனர் என்பதை இங்கு நாம் நோக்குதல் வேண்டும்.

அரசரும் வள்ளல்களும் மறைந்தபின் ஓவியர் யாரை நாடி வாழ்ந்தனர்? சென்னை மாநகரில் இவ்வினாவிற்குச் செயலால் விடை கூறியவர் ஒருவர் உண்டு. அவர் கே. சி. எஸ். பணிக்கர் ஆவார்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் கேரள நாட்டினர். பதினேழாம் வயதிலேயே அவருடைய ஓவியங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. ஆயினும் ஓவியம் உடனே சோறிடவில்லை. குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு அவர் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். அவ்வேலையை விட்டு 1936-இல் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மாதந்தோறும் வரும் ஊதியத்தை விட்டுத் தூரிகையைப் பற்றுதல் எளிய செயலன்று. இன்றைக்கும் எத்தனை பெற்றோர் இதற்கு இசைவர்?

அவர் சேர்ந்த கலைப்பள்ளி 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. பணிக்கர் பயின்ற காலத்தில் அதன் தலைவராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் பெரும்பாறையை நெம்பும் நால்வரின் உருவங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உழைப்பாளர் சிலை என வழங்கும் அதனை வடித்தவர் அவரே. அவர் ஓய்வு பெற்றபின், 1957-இல், பணிக்கரே அக்கலைப்பள்ளியின் தலைவரானார்.

தலைவர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு ஒரு கவலை தோன்றியது. ஆண்டுதோறும் கலைப்பள்ளியினின்று இளைஞர் பலர் தேர்ந்து வெளியேறினர். அவருள் சிலர் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தனர். அவ்வழியில் பெரும்புகழ் ஈட்டியோரும் உண்டு. கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியமாகத் தந்த சில்பியையும், கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்குப் படம் வரைந்த மணியத்தையும் தமிழகம் மறவாது. மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த எஸ். ராஜம், வானொலி நிலையத்தில் இசைப்பணி ஆற்றிக்கொண்டே அசந்தா மரபில் ஓவியம் தீட்டினார். சிலர் நெசவாளர் சேவை நிலையத்தில் சேலைக் கரைக்குக் கோலம் வரைந்தனர். சிலர் திரைப்பட விளம்பரப் பலகைகளை எழுதினர். வேறு பலர் எழுத்தர் வேலையில் அமர்ந்து தூரிகையை மறந்தே போயினர். தம் உள்ளம் எண்ணியதை எண்ணியவாறே வரைந்து, அதனையே விற்று வாழ்ந்தோர் மிகச் சிலர்.

புதுமை நெறியில் வரைந்த படங்களை விலைகொடுத்து வாங்குவோர் அந்நாளில் சென்னையில் அருகியே காணப்பட்டனர். இசைக் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு வாங்கத் தயங்காத குடும்பங்கள் பல மயிலையிலும் தியாகராய நகரிலும் இருந்தன. அவ்வீடுகளின் சுவர்களில் தெய்வப் படம் அச்சிட்ட நாட்காட்டி தொங்கும். அதனைக் குறையென்று யான் கூறவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலும் அதுவே தொங்கிற்று. ஆனால் அந்நாட்காட்டியால் வாழ்ந்தது அச்சகம், ஓவியன் அல்லன்.

பணிக்கர் 1944-ஆம் ஆண்டிலேயே முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றை அமைத்துக் கண்காட்சிகளை நடத்தி வந்தார். 1954-இல் மேனாடு சென்று இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கேயே தங்கியிருப்பின் ஒருவேளை அவர்க்கு நல்வாழ்வு கிட்டியிருக்கலாம். அவரோ தாயகம் திரும்பினார். மேனாட்டார் நடையைப் பின்பற்றிச் செல்லாமல், நம் மண்ணுக்குரிய புதுநடை ஒன்றைக் காணவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வலுப்பெற்றது. 1961-இல் ஓவியத்துக்கென ஆங்கிலத்தில் ஓர் இதழையும் அவருடைய சங்கம் வெளியிடத் தொடங்கியது.

எண்ணம் வலுப்பெற்றால் போதுமா? பொருள் வேண்டுமே! இங்குதான் பணிக்கரின் உலகியல் அறிவு வெளிப்பட்டது. ஓவியத்தை வாங்க அஞ்சுவோரும், அழகிய துணியையோ, தோற்பொருளையோ, உலோகத் தட்டையோ விரும்பி வாங்குவர் என்பதை அவர் உணர்ந்தார். எனவே ஓவியர்கள் ஒருபொழுது கைத்தொழில் செய்து பொருள் ஈட்டுக. மறுபொழுது தாம் விரும்பியதை வரைக. வயிற்றுக்காக ஓவியத்தைத் திரிக்க வேண்டா என்பது அவர் கண்ட வழி. 1960-களின் தொடக்கத்தில் ஓவியர் கைவினைச் சங்கம் தோன்றியது. கைத்தொழில் கலையைத் தாழ்த்திவிடும் என்று வாதிடுவோர் எக்காலத்தும் உண்டு. குயவன் வனைந்த கலத்தையும் தச்சன் செதுக்கிய தேரையும் கலை என்று போற்றும் நாட்டில் அவ்வாதத்துக்கு வலிமை மிகுதியும் இல்லை என்பது என் கருத்து.

அவர்கள் செய்தவற்றுள் மிகுதியாக விலைபோனது பாத்திக் துணியாகும். சாவகத் தீவில் சிறந்து விளங்கிய தொழில் இது. இதன் செய்முறையைச் சிறிது விரித்துரைப்பேன். பருத்தித் துணியைத் துவைத்துக் கஞ்சி நீக்கி உலர்த்துவர். அதன்மேல் உருவத்தைக் கோடுகளாக வரைந்துகொள்வர். தேன்மெழுகையும் பாரபின் மெழுகையும் கலந்து உருக்கி, எங்கெங்கு வெண்மை நிற்கவேண்டுமோ அங்கெல்லாம் தூரிகையால் தடவுவர். மெழுகு துணியின் மறுபுறம் வரை ஊறவேண்டும். இன்றேல் பின்புறமாகச் சாயம் ஏறிவிடும். பின்னர்த் துணியை மஞ்சட் சாயத்தில் தோய்ப்பர். சாயம் குளிர்ந்திருத்தல் இன்றியமையாதது. வெந்நீர்ச் சாயமாயின் மெழுகு உருகி, உழைப்பு முழுதும் வீணாகும். உலர்ந்தபின், மஞ்சளாக நிற்கவேண்டிய இடங்களை மெழுகால் மூடிச் செஞ்சாயத்தில் தோய்ப்பர். இவ்வாறு வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடிப்பர். கருமையை முதலில் ஏற்றிவிட்டால் அதன்மேல் மஞ்சள் தோன்றாதன்றோ? ஆதலின் எந்நிறம் எங்கே நிற்கும் என்பதை முதல் தோய்ப்பின்போதே ஓவியன் மனத்தில் கண்டிருக்க வேண்டும். ஒருமுறை பிழைத்தால் அழித்தெழுத இயலாது.

பாரபின் மெழுகு எளிதில் வெடிக்கும் இயல்புடையது. துணியைக் கசக்குங்கால் மெழுகில் நுண்ணிய பிளவுகள் உண்டாகும். அப்பிளவுகளின் வழியே சாயம் நுழைந்து, மயிரிழை போன்ற கோடுகளாகப் படியும். இறுதியில் சவர்க்காரம் கலந்த கொதிநீரிலிட்டு மெழுகை நீக்குவர். அப்பொழுதுதான் படம் முழுமையாகத் தோன்றும். மெழுகின் பிளவுக் கோடுகள் எவ்விரு துணிகளிலும் ஒத்திருப்பதில்லை.

இத்தொழில் நம் கடற்கரைக்கு முற்றிலும் புதிதன்று. மூன்று நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கரையினின்று கீழ்நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற வண்ணத் துணிகளில், அவுரிச் சாயம் ஏறலாகாத இடங்களை மெழுகால் மூடும் வழக்கம் இருந்தது. அவ்வணிகத்தால் ஐரோப்பியர் நாவில் பயின்ற ‘கோரமண்டல்’ என்னும் பெயர், சோழமண்டலம் என்பதன் திரிபே என்பர் அறிஞர்.

துணி விற்ற பொருளைக்கொண்டு ஓவியர்கள் அடையாற்றுக்கும் திருவான்மியூருக்கும் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலை அடுத்து ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-ஆம் ஆண்டு சோழமண்டல ஓவியர் கிராமம் அங்கே தோன்றியது. பணிக்கரோடு அவருடைய மாணவரும் நண்பருமாக நாற்பதின்மர் அளவில் இம்முயற்சியில் கலந்துகொண்டனர். அந்நாளில் அவ்விடம் சவுக்குத் தோப்பும் மணல்மேடுமாக இருந்தது. ஓலைக் குடில்களில் தங்கி அவர்கள் பணியைத் தொடங்கினர். நிலத்தை வள்ளல் எவரும் வழங்கவில்லை; தாமே ஈட்டித் தாமே வாங்கினர்.

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய முயற்சிகள் நடந்ததுண்டு. அமெரிக்காவில் பரந்த புல்வெளிகளும் சோளக் கொல்லைகளும் நிறைந்த ஐயோவா மாநிலத்தில் கிராண்ட் உட் என்னும் ஓவியர் பிறந்தார். அவரும் 1920-களில் பலமுறை ஐரோப்பா சென்று திரும்பியவர். தம் ஊர்க் குடியானவரையும் வயல்களையும் வரைந்தே அவர் புகழ்பெற்றார். 1932-இல் ஸ்டோன் சிட்டி என்னும் சிற்றூரில் ஓவியர் குடியிருப்பு ஒன்றை அவர் நண்பருடன் தொடங்கினார். பனிக்கட்டி ஏற்றும் பழைய வண்டிகளிலே ஓவியர்கள் தங்கினர். இரண்டு கோடைகள் கழிந்ததும் பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றுவிட்டது. சோழமண்டலம் நிலைத்ததற்குக் காரணம், நிலம் அவர்களுடையதாக இருந்ததும், நாள்தோறும் சிறிதேனும் விற்பதற்குக் கைவினைப் பொருள் இருந்ததுமே என்று எண்ணத் தோன்றுகின்றது.

யான் மயிலையில் பள்ளிச் சிறுவனாக இருந்த 1970-களில், எங்கள் ஓவிய ஆசிரியர் எம்மில் சிலரை அங்கே அழைத்துச் சென்றார். பேருந்தினின்று இறங்கி மணலில் நடந்தோம். ஒரு கொட்டகையில் ஒருவர் மெழுகுச் சட்டியின் முன் குந்தியிருந்தார். அவர் விரல்கள் முழங்கை வரை நீலம் பாய்ந்திருந்தன. எங்களுள் ஒருவன், “ஐயா, இப்படம் எதைக் குறிக்கின்றது?” என்று கேட்டான். அவர் சிரித்து, “தம்பி, முதலில் நன்றாகப் பார், பிறகு நீ எனக்குச் சொல்,” என்றார். எங்கள் ஆசிரியர் சிறிய துணி ஒன்றை வாங்கினார். அவர் தம் சட்டைப் பையை இருமுறை தடவிப் பார்த்துப் பணம் கொடுத்தது இன்னும் நினைவில் உள்ளது. வாங்கியவரும் செல்வரல்லர், விற்றவரும் செல்வரல்லர்.

அங்கு வாழ்ந்தோர் வாழ்வு எல்லாம் இனிதே அமைந்தது என்று கூறுதல் உண்மையாகாது. கே. இராமானுஜம் என்னும் இளைஞர் கருமைத் தீட்டிய மைக்கோடுகளால் மாடமாளிகைகளும் நாகங்களும் நிறைந்த கனவுலகைப் படைத்தார். தனிமையும் மனத்துயரும் அவரை விடவில்லை. 1973-இல், முப்பதைச் சற்றே கடந்த வயதில், அவர் மறைந்தார். வேறு சிலர் வருவாய் போதாமையால் நகரத்துக்குத் திரும்பினர். வேலு விசுவநாதன் பாரிசுக்குச் சென்று அங்கே தங்கிப் புகழ்பெற்றார். உலோகத் தகட்டைத் தட்டி உருவம் சமைத்த பி. வி. ஜானகிராம் போன்றோர் கிராமத்திலேயே வாழ்ந்து தம் கலையை வளர்த்தனர்.

பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கியிருந்தார். சாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும், எழுத்துப் போலத் தோன்றிப் படிக்க இயலாத வரிகளும் அவற்றில் நிறைந்திருக்கும். ஏட்டுச் சுவடிகளோடு பழகிய என் போன்றோர்க்கு அவ்வோவியங்கள் முதலில் சினத்தையே ஊட்டும். படிக்க இயலாத எழுத்தால் என்ன பயன் என்று யானும் கேட்டதுண்டு. பலமுறை நோக்கியபின், எழுத்தறியாத குழந்தை சுவடியைக் காணும் காட்சியே அது என உணர்ந்தேன். 1967-இல் அவர் பதவியினின்று ஓய்வு பெற்றார். 1977-இல் இயற்கை எய்தினார். அவருடைய ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் ஒரு காட்சிக்கூடம் உள்ளது.

சவுக்குத் தோப்பு இருந்த பகுதியில் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் பேரிரைச்சல் கேட்கின்றது. நிலத்தின் விலை, அன்று துணி விற்றோர் கனவிலும் காணாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. ஆயினும் கிராமம் அங்கேயே நிற்கின்றது. சென்னை ஓவிய இயக்கத்தாரின் படைப்புகளைக் காட்டும் அருங்காட்சியகம் 2009-இல் அங்குத் திறக்கப்பெற்றது. பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் 2017-இல் மறையும்வரை கிராமத்தை முன்னின்று நடத்தினார். அடையாற்றினின்று தெற்கே செல்லும் பேருந்தில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் அதன் வாயிலை அடையலாம். உள்ளே மரநிழலில் கற்சிற்பங்கள் நிற்கின்றன; அவற்றைக் கடந்தால் காட்சிக்கூடத்தில் விலை எழுதிய ஓவியங்கள் தொங்குகின்றன.