கேட்காமலே ஓடும் சேவைகள்

கணினி பழுதுபார்க்கும் என் மேசைக்கு வருகிறவர்கள், "புதுசு வாங்கிடலாமா சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க்கை 100 சதவீதம் பிடித்திருப்பது எது என்று பார்ப்பேன். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள விண்டோஸ் 10 கணினிகளில் அடிக்கடி சிக்குவது சிஸ்மெயின். 2007இல் விஸ்டாவோடு, சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வீடுகளுக்கு வந்த சேவை இது. நாம் வழக்கமாகத் திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ராமில் ஏற்றிவைக்கும். நல்ல ஏற்பாடுதான், 4 ஜிபி ராமுக்குச் சில நேரம் அதுவே பாரமாகிவிடும். சர்வீசஸ் பட்டியலில் நிறுத்திப் பாருங்கள். வேகம் கூடாவிட்டால் மறுபடி இயக்கிவிடுங்கள். பிரிண்டர் இல்லாத வீட்டில் பிரிண்ட் ஸ்பூலரையும் நிறுத்தலாம். (பிடிஎஃப் ஆக அச்சிடுபவர்களுக்கு அது வேண்டும்.) விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டர் இரண்டையும் மட்டும் வேகத்துக்காகத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.