சீனாவுக்கு மறுபடி ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

2010-களில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலிருந்து சீனாவுக்குப் போய் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தவர்கள் ஏராளம். சிலர் ஓரிரு ஆண்டுகளில் ஊர் திரும்பிவிட்டார்கள். சிலர் கொரோனா தொடக்கத்தில் வெளியே வந்து, 2020 மார்ச் 28-இல் சீனா வெளிநாட்டவரின் வருகையை நிறுத்தியபோது திரும்ப வழியின்றி நின்றார்கள். எல்லா வகை விசாக்களும் மீண்டும் கிடைக்கத் தொடங்கியது 2023 மார்ச் 15 முதல்தான். இப்போது மறுபடி போக நினைப்பவர் விட்ட இடத்தில் தொடரலாம் என்று எண்ண வேண்டாம். இடையில் வேலைச் சந்தையும் விதிகளும் வெகுவாக மாறிவிட்டன.

வேலை எங்கே இருக்கிறது?

முன்பு வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அதிகம் வேலை கொடுத்தவை தனியார் டியூஷன் நிறுவனங்கள். மாலையிலும் வார இறுதியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்புகள் நடந்தன. 2021 ஜூலை 24-இல் வெளியான ‘இரட்டைக் குறைப்பு’ என்ற அரசாணை இந்தத் தொழிலையே புரட்டிப்போட்டது. வீட்டுப்பாடச் சுமை, டியூஷன் சுமை இரண்டையும் குறைப்பது அதன் நோக்கம். ஆங்கிலம் உள்ளிட்ட பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக் கூடாது. வார இறுதியிலும் விடுமுறையிலும் வகுப்பு கூடாது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரைக் கொண்டு இணையவழியில் பாடம் நடத்தவும் கூடாது.

விளைவு உடனே தெரிந்தது. அமெரிக்க, கனடிய ஆசிரியர்களை வீட்டிலிருந்தபடியே சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வைத்த விஐபிகிட் நிறுவனம் அந்த வகுப்புகளை விற்பதை நிறுத்தியது. பெரிய டியூஷன் நிறுவனமான நியூ ஓரியன்டல் 60,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது; பிறகு அதன் ஆசிரியர்களில் சிலர் இணைய நேரலையில் அரிசியும் பழமும் விற்றார்கள்.

அடுத்த அடி மழலையர் பள்ளிகளுக்கு. 2016-இல் சீனாவில் 1.78 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2023-இல் சுமார் 90 லட்சம்தான். அந்த ஒரே ஆண்டில் மழலையர் பள்ளிகளின் எண்ணிக்கை 14,000-க்கு மேல் குறைந்தது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்தை மட்டும் நம்பிப் போனால் வாய்ப்பு குறைவு. பல்கலைக்கழகங்கள், அரசுப் பள்ளிகள், இருமொழிப் பள்ளிகள், பெரியவர்களுக்கான பயிற்சி மையங்கள் ஆகியவற்றில் தேடுவது பலன் தரும். நல்ல சர்வதேசப் பள்ளிகள் பொதுவாகச் சொந்த நாட்டு ஆசிரியர் உரிமத்தை எதிர்பார்க்கின்றன.

யாருக்கு அனுமதி?

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரே வேலை அனுமதி முறை நடப்பில் இருக்கிறது. மொழி ஆசிரியர்கள் பொதுவாக ‘பி’ பிரிவில் வருவார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் குடியுரிமை, இளங்கலைப் பட்டம், அதோடு இரண்டு ஆண்டு கற்பித்தல் அனுபவம் வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ ஆங்கில வழியில் படித்தவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், பார்க்கப்படுவது கடவுச்சீட்டுதான். கனடிய, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற தமிழருக்கு இந்தத் தடை இல்லை.

திரும்பிப் போகிறவருக்கு அனுபவம்தான் பலம் என்று தோன்றும். ஆனால் அதற்கு முன்னாள் நிறுவனத்தின் கடிதம் வேண்டும். நிறுவனமே மூடப்பட்டிருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? மாணவர் விசாவிலோ வணிக விசாவிலோ இருந்துகொண்டு பாடம் நடத்திய காலத்தைக் கணக்கில் காட்டவும் முடியாது. அதற்கும் மாற்றுவழி உண்டு. கல்வியியல் பட்டமோ, சொந்த நாட்டு ஆசிரியர் உரிமமோ, டெஃபல் (TEFL) போன்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழோ இருந்தால் அனுபவ நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். டெஃபல் என்றால் 120 மணி நேரப் படிப்பாக இருப்பது நல்லது.

காகிதங்கள்

பட்டச் சான்றிதழை வைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. குற்றப் பதிவு இல்லை என்ற போலீஸ் சான்று அப்படியல்ல. ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். எனவே வேலை உறுதியாகும் முன்பே அவசரப்பட்டு வாங்கி வைக்க வேண்டாம். முன்பு வேலை செய்தபோது வாங்கிய வேலை அனுமதி முறைப்படி ரத்தானதா என்பதையும் விசாரியுங்கள். ரத்தானதற்கான சான்று இல்லாவிட்டால் புதிய நிறுவனத்தின் விண்ணப்பம் சிக்கலாகலாம்.

ஒரு விஷயம் மட்டும் எளிதாகியிருக்கிறது. முன்பு சான்றிதழ்களைச் சீனத் தூதரகம் வரை கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் சீனாவிலும் நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்த உடன்படிக்கையில் உள்ள பெரும்பாலான நாடுகளின் ஆவணங்களுக்கு, சொந்த நாட்டில் பெறும் அப்போஸ்டில் முத்திரையே போதும்.

போய் இறங்கியதும்

வேலைக்கான ‘இசட்’ விசாவில்தான் நுழைய வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொல்லி, ‘பிறகு மாற்றித் தருகிறோம்’ என்கிற நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள். அனுமதியின்றி வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். தீவிரமான நிலையில் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் முகவரியைப் பதிய வேண்டும், 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் வேலை அனுமதி அட்டையை எதிர்பார்க்காதீர்கள். 2024 டிசம்பர் முதல் அது மின்னணு வடிவில் சமூகப் பாதுகாப்பு அட்டையோடு சேர்ந்துவிட்டது. கடைகளில் பணம் கட்டுவது பெரும்பாலும் கைபேசியில்தான். அலிபே, வீசாட் பே இரண்டும் வெளிநாட்டு வங்கி அட்டைகளை ஏற்பதால், முதல் சம்பளம் வரும் வரை சமாளிக்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க உங்களுக்கு அனுமதி உண்டா? வேலை அனுமதியில் எழுதப்போகும் நிறுவனமும் நான் பாடம் நடத்தப்போகும் இடமும் ஒன்றுதானா? எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எந்த நேரத்தில் வகுப்பு? மூன்றாவது கேள்விக்கு ‘பள்ளிப் பிள்ளைகள், சனி ஞாயிறு’ என்று பதில் வந்தால், அந்த வகுப்பு எந்த உரிமத்தில் நடக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே விமானச் சீட்டு எடுங்கள்.