வினாவிய குருவானவர்

நுவரெலியா, அட்டன் தோட்டங்களில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து மாதா சொரூபத்தின் முன் கைகூப்பும் தாய்மாரைக் கண்டிருப்பீர்கள். அந்த மாதா வாய்திறவாது பணிந்தவர்தாமா? அல்லர் என்றார் இலங்கைக் கத்தோலிக்கக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகள். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற துணிவுடைய தாய் என 1990ஆம் ஆண்டு வெளியான நூலில் எழுதினார். பச்சிளங் குழவியும் பாவத்தோடு பிறக்கிறதென்னும் ஜென்மப்பாவக் கொள்கையையும் ஐயுற்றார். பிற சமயத்தார் பெருகிய ஆசியாவில் அதன் பொருளென்ன என வினவினார்.

கேள்வி கேட்கும் மாணவனை அதட்டி அமர்த்துதல் ஆசிரியராகிய எமக்கும் பழக்கமே!

விசுவாசத்தினின்று வழுவினாரென 1997 ஜனவரியில் உரோமாபுரி அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியது. மறு ஜனவரியில் அத்தடை நீங்கிற்று. அப்போது அவருக்கு வயது 73. 2013இல் மறையும்வரை அமலமரித் தியாகிகள் சபைக் குருவாகவே வாழ்ந்தார்.