முன் டயரை ஒரு சைஸ் ஏத்தலாமா?

இன்னைக்கு ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவரோட வண்டி ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியோர் 650. முன் டயர் தேஞ்சு, பள்ளத்துக்குள்ள இருக்கிற சின்ன மேடு, அதாவது வேர் இண்டிகேட்டர், ரப்பரோட சமமா வந்துடுச்சு. சனிக்கிழமை மனைவியோட கொல்லிமலை போறதா பிளான். டயர் கடையில, "ஒரிஜினல் சைஸ் வர ஒரு வாரம் ஆகும் சார். 110 இருக்கு, போட்டுக்கோங்க. ஒரு சைஸ்தானே, வண்டி பார்க்கவும் கெத்தா இருக்கும்"னு சொல்லியிருக்காங்க. போடலாமான்னு கேட்டார்.

வேண்டாம்னு அவருக்கு அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன். ஏன் வேண்டாம்ங்கிற கணக்கைத்தான் இப்போ பேசப் போறோம். இதே கேள்வி மீட்டியோர் 350 வச்சிருக்கிறவங்களுக்கும் வரும், ஏன்னா அதுலயும் முன்னாடி இதே சைஸ்தான்.

கம்பெனி கொடுக்கிற முன் டயர் 100/90-19. 100-ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 19 ரிம்மோட விட்டம், அங்குலத்துல. நடுவுல இருக்கிற 90-லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அது மில்லிமீட்டர் இல்ல, சதவீதம். டயரோட பக்கச்சுவர் உயரம் அகலத்துல 90 சதவீதம்னு அர்த்தம். அப்போ 100/90-ல உயரம் 90 மி.மீ. கடைக்காரர் காட்டின 110/90-ல 99 மி.மீ. அதாவது அகலத்தை மட்டும் ஏத்துறதா நினைச்சு உயரத்தையும் சேர்த்து ஏத்துறோம். மொத்த விட்டம் சுமார் 663 மி.மீ.லேருந்து 681 ஆகுது. அச்சு தரையிலிருந்து 9 மி.மீ. மேல போயிடும்.

9 மி.மீ. என்ன பெருசா பண்ணிடும்னு தோணும். முதல்ல மட்கார்டுக்குக் கீழ பாருங்க. அங்க இருக்கிற இடைவெளியிலிருந்து இந்த 9 மி.மீ.யைக் கழிச்சுடணும். மட்கார்டு ஃபோர்க்கோட கீழ்ப்பகுதியில மாட்டியிருக்கிறதால சக்கரத்தோடவே ஏறி இறங்கும். அதனால ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்காது. ஆனா மழைக்காலத்துல களிமண்ணும் ஜல்லியும் எங்க போகும்? ஓடுற வேகத்துல டயரும் கொஞ்சம் விரியும். நிறுத்தி வச்சிருக்கும்போது உரசலைன்னு பார்த்துட்டு கிளம்பிட முடியாது. முன் சக்கரத்துல ஒரு கல் சிக்கி இறுகினா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது ஹேண்டில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியோட முன் சக்கரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? அது திரும்புற அச்சுக்குக் கொஞ்சம் பின்னாடிதான் தரையைத் தொடும். அதனாலதான் நாம தள்ளுற பக்கம் தானா நேராகுது. பைக்லயும் அந்தத் தூரம் இருக்கு, டிரெயில்னு பேரு. க்ரூஸர் வண்டிகள்ல ஃபோர்க் சாய்வு அதிகம். அதுல ஆரம் 9 மி.மீ. கூடினா டிரெயில் சுமார் 4, 5 மி.மீ. கூடும். முன்பக்கம் தூக்கிக்கிறதால ஃபோர்க் இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு, மேல ஒண்ணு ரெண்டு மி.மீ. சேரும். நாலுவழிச் சாலையில இது சுகமாத்தான் இருக்கும், வண்டி நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. 241 கிலோ வண்டி, பின்னாடி ஒரு ஆள். ஒவ்வொரு வளைவுலயும் ஹேண்டிலைக் கொஞ்சம் கூடுதலா தள்ளணும்னா, நாற்பதாவது வளைவுல தோள் பேசும்.

அகலத்துக்கும் ஒரு குணம் உண்டு. வண்டியைச் சாய்க்கும்போது டயர் தரையைத் தொடுற இடம் நடுவிலிருந்து பக்கவாட்டுல நகரும். அகலமான டயர்ல இன்னும் அதிகமா நகரும். அந்த நேரத்துல முன் பிரேக்கைத் தொட்டா வண்டி நிமிரப் பார்க்கும், வளைவை விட்டு வெளிய போகும். மலை இறங்கும்போது பாரம் முழுக்க முன்னாடி வந்து உட்காரும், நாமளும் முன் பிரேக்கைத்தான் அதிகமா பிடிப்போம். என் கணக்குல மொத்தத்துலயே பெரிய ஆபத்து இதுதான்.

"ஹார்லி ஃபேட் பாய்ல முன்னாடி 160 இருக்கே"ன்னு ஒருத்தர் கேப்பார். இருக்கு. 2018-லேருந்து 160/60, 18 அங்குலம். ஆனா அந்த ரிம், ஃபோர்க், இடைவெளி எல்லாமே அந்த டயருக்காக வடிவமைச்சது. நாம டயரை மட்டும் மாத்துறோம். ரிம் அகலத்துக்குப் பொருந்தாத அகல டயரைப் போட்டா ஓரம் உள்வாங்கி, நடு மேடு இன்னும் உருண்டையாயிடும். பெரிய டயர் வாங்கியும் தரையில படுற ரப்பர் எதிர்பார்த்த அளவுக்குக் கூடாது. ரிம்லயே அதோட அகலம் அச்சடிச்சிருக்கும். அந்த அகலத்துக்கு எந்த டயர் பொருந்தும்னு டயர் கம்பெனி அட்டவணையில இருக்கும்.

ஏபிஎஸ் ரெண்டு சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்குது. முன் சக்கரத்தோட சுற்றளவு 2.7 சதவீதம் கூடும், அதனால அது கொஞ்சம் மெதுவா சுத்தும். இதுக்கே ஏபிஎஸ் செத்துடும்னு நான் பயமுறுத்தல. ஆனா கம்பெனி சோதிச்சது அந்த சைஸ்ல இல்ல. ஸ்பீடோ கேபிள் முன் சக்கரத்திலிருந்து வர்ற பழைய புல்லட் மாதிரி வண்டின்னா, நிஜத்துல 100-ல போகும்போது மீட்டர் 97-னு காட்டும்.

நடுவழியா 110/80-19 போடலாமேன்னா, அது நியாயமான கேள்வி. உயரம் 88 மி.மீ., ஆரத்துல 2 மி.மீ.தான் குறையும். டிரெயில், மீட்டர் எதுவும் பெருசா மாறாது. சிக்கல் வேற இடத்துல. இந்த சைஸ்ல கடையில கிடைக்கிறது பெரும்பாலும் அட்வென்ச்சர் வண்டிகளுக்கான ரேடியல் டயர். சூப்பர் மீட்டியோரோட பின் டயர் 150/80 பி 16. அந்த 'பி' பயாஸ் பெல்ட் வகை. முன்னாடி ரேடியல், பின்னாடி பயாஸ்னு கலக்கிறதை டயர் கம்பெனிகள் பொதுவா ஏத்துக்கிறதில்ல.

இன்னொண்ணு, பேப்பர் சமாச்சாரம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்துறதைக் கட்டுப்படுத்துது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் டயரைத்தான் முதல்ல குனிஞ்சு பார்ப்பார்.

நேயர் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டார். வீட்டுல கொஞ்சம் முறைப்பாம். அதே சைஸ் டயர் வந்ததும் என்னெல்லாம் பார்க்கணும்னு கேட்டார். சைஸுக்குப் பக்கத்துல 57 ஹெச் இருக்கா பாருங்க. 57-னா 230 கிலோ தாங்கும், ஹெச்-னா மணிக்கு 210 கி.மீ. வரைக்கும். அதுக்குக் குறைஞ்சது வேண்டாம். நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2324-னா 2024-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அம்புக்குறி சக்கரம் சுத்துற திசையில இருக்கணும். ரிம்மை ஒட்டி ஓடுற மெல்லிய கோடு சுத்தி வர ஒரே அளவா தெரியணும், இல்லேன்னா டயர் சரியா உட்காரல. பேலன்ஸிங் பண்ணச் சொல்லுங்க. வால்வைப் புதுசா போடச் சொல்லுங்க. டயர் மேல எழுதியிருக்கிற காத்து அளவு அதிகபட்சம். நீங்க அடிக்க வேண்டியது வண்டியோட கையேட்டுல இருக்கிற அளவு. பில்லியன் இருந்தா அதுக்குத் தனியா போட்டிருக்கும்.

புது டயர் மேல வழவழப்பு இருக்கும். முதல் 150 கி.மீ. சாய்க்கிறதும் பிரேக் பிடிக்கிறதும் நிதானமா. அதை ஊருக்குள்ளயே ஓட்டி முடிச்சுட்டு அப்புறம் மலைக்குப் போங்கன்னு சொல்லியிருக்கேன்.