தகவல் துளி: நால்வரில் ஒருவர்

விக்டோரியா மகாராணி காலத்துச் சென்னை மாகாணத்தில் பிரசவம் சிக்கலானால், ஊர் மருத்துவச்சியின் கைப்பக்குவம்தான் கதி. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டப் பல குடும்பத்துப் பெண்கள் சம்மதிக்கவே மாட்டார்கள். உயிர் போனாலும் சரி என்றிருந்த காலம் அது.

இந்தக் கொடுமை சென்னையில் வாழ்ந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் மனதை உலுக்கியது. வழக்கறிஞரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு சேர்த்து நான்கு பெண்கள். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததே 1878-இல்தான். நம் சென்னை அதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டது! பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி இது.

பிறகு லண்டனில் படித்து, 1882-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே சென்னை திரும்பினார் மேரி. 1885-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை உருவாகக் காரணமானார். அதற்குக் கட்டடம் எழுப்ப வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். உடல்நலம் கெட்டு 1887-இல் மேரி இங்கிலாந்து போய்விட்டார். ஆனாலும் மருத்துவமனையின் பணி நின்றுவிடவில்லை. கோஷா ஆஸ்பத்திரி என்று சென்னைவாசிகள் சொல்வார்களே, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அதுதான் இது. இன்றும் அங்கே குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கின்றன.