கடற்புல்லைப் படிக்க ஆள் தேவை

கடற்புல் என்றதும் பாசி என்று நினைத்துக்கொள்பவர்களே அதிகம். பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. கடற்புல்லோ மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, வேர் பிடித்து, உப்புநீருக்குள்ளேயே பூத்துக் காய்த்து விதை விடும் தாவரம். உலகில் ஏறத்தாழ 70 இனங்கள் உண்டு. இந்தியக் கடலில் 15 வரை. பாக் விரிகுடா மீனவர்கள் இதைத் தாழை என்பார்கள். ஓரா மீன், நீலக்கால் நண்டு, இறால் எல்லாம் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்குவது இந்தப் புல்லுக்குள்தான். ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு இதுவே சாப்பாடு. வேரோடு பிடுங்கித் தின்னும் விலங்கு அது. அது மேய்ந்துபோன இடத்தில் புல்வெளியின் நடுவே வழித்தெடுத்ததுபோல் நீண்ட வெற்றுத்தடம் கிடக்கும்.

இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர நினைக்கும் மாணவர்கள் முதலில் வெளிநாட்டைத்தான் பார்க்கிறார்கள். நல்ல ஆய்வகங்கள் அங்கே இருப்பது உண்மை. ஆனால், கடற்புல் ஆய்வில் பெரிய முடிவுகளைத் தந்தது ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்ததுதான். லட்சத்தீவின் அகத்தித் தீவில் பேராமைகள் பெருகிக் கடற்புல்லை மேய்ந்து தீர்த்தன. மீன் குறைந்ததென்று மீனவர்கள் ஆமைகள்மேல் கோபம் கொண்டார்கள். ஓராண்டு மட்டும் பார்த்தவர் அதை ஒரு தீவின் சிக்கல் என்று எழுதி முடித்திருப்பார். ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்ததால்தான், ஒரு தீவில் புல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவுக்கு நகர்வது தெரியவந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் 1930களில் அழிந்துபோன புல்வெளியை மீட்க 1999இல் விதைக்கத் தொடங்கினார்கள். 20 ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள் தூவியபின் 3,600 ஹெக்டேரில் புல் தழைத்தது. இப்படி நீண்டகாலம் பார்க்கக் கரைக்குப் பக்கத்திலேயே இருப்பவரால்தான் முடியும்.

நம் புதுச்சேரியில் கடற்புல் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆழம் குறைந்த, தெளிந்த, அலை அடங்கிய நீரும் தரைவரை இறங்கும் வெயிலும் இருந்தால்தான் அது வளரும். நம் கரையோ நேரே அலை மோதும் கரை, மணல் ஓயாமல் நகரும் கரை. 1989இல் முடிந்த துறைமுகத் தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்ததால் வடக்கே கடற்கரை அரிக்கப்பட்டதை ஊரே அறியும். ஆனாலும் படிக்க வழி இங்கிருந்தே தொடங்குகிறது. காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது. அதன் கடலியல், கடல் உயிரியல் துறை இயங்குவதே அந்தமானில், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில். கடற்புல்லும் கடற்பசுவும் உள்ள கடல் அது. கடற்பசுதான் அந்தத் தீவுகளின் மாநில விலங்கு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காடுகளின் தாவர வரைபடங்களுக்குப் பெயர்பெற்றது; அந்தக் கைத்திறன் கடலடிக்கும் உதவும். கடலூர் தாண்டினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். காரைக்காலிலிருந்து பாக் விரிகுடா தொலைவில்லை.

அங்கே வேலை குவிந்து கிடக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. புல் அழிந்த இடங்களில் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, கயிற்றில் தண்டுகளை முடிந்து கடலடியில் இறக்கி நடுகிறார்கள். 2018இன் கஜா போன்ற புயல் வந்தால் அந்த நடவு நிற்குமா? இழுவைமடி உழுதுபோன இடத்தில் எந்த இனம் முதலில் திரும்பும்? செயற்கைக்கோள் படம் போதாதா என்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் கலங்கிய நீருக்கடியில் என்ன இருக்கிறதென்று படம் சொல்லாது. இனம் பிரித்தும் காட்டாது. சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்துத் தண்டுகளை எண்ண ஒருவர் மூழ்கித்தான் ஆகவேண்டும். மண்ணில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்பதும் அப்படித்தான். இடத்துக்கு இடம் அது மாறும். உலகச் சராசரியை எடுத்து நம் கரைக்கு ஒட்டவைப்பது ஏமாற்று. குழாய் இறக்கி மண் எடுத்து அளக்கவேண்டும்.

பிழைப்புக்கு என்ன வழி என்பதுதான் பெற்றோரின் கவலை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; வீட்டு வாடகைப்படி தனி. 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே ஆய்வுச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் வரும் ஆசிரியர் பணியிடங்கள் குறைவுதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கடலோர மேலாண்மை மையங்களுக்கும் பாதுகாப்பகங்களுக்கும் நீருக்கடியில் அளக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். நான்கைந்து ஆண்டில் முடியும் ஆய்வு, 20 ஆண்டுப் பார்வைக்கு ஈடாகுமா என்ற கேள்வியே எனக்குக் கனமாகப் படுகிறது. ஈடாகாது. அதனால் நெறியாளரைத் தேடும்போதே, முன்னால் ஆய்வு செய்தவர் அளந்த அதே இடங்களின் பதிவேடு கைக்குக் கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்கவேண்டும். தாங்கள் முடித்துப் போகும்போது அடுத்தவருக்கு அதை ஒப்படைக்கவும் வேண்டும்.